ஹோயா: புகைக்குப் பயந்து வீட்டுக்குள்ள வந்த கொடி

"டாக்டர், ஹோயா செடி வெச்சா வீட்டுக் காத்து சுத்தமாகுமாமே, வாங்கலாமா?"

ஓபியில் இந்தக் கேள்வி இப்போ அடிக்கடி வருது. கேட்கிறவங்க பெரும்பாலும் காட்டுப்பள்ளி, அத்திப்பட்டு, எண்ணூர் பக்கத்து அம்மா அப்பாக்கள். பிள்ளைக்கு இளைப்பு. நெபுலைசர் மாஸ்க்கைப் பிள்ளை மூஞ்சியில பிடிச்சுக்கிட்டே இன்னொரு கையில போன்ல செடி படத்தைக் காட்டுவாங்க. இதய வடிவ இலை ஒண்ணு குட்டித் தொட்டியில நட்டிருக்கும். விலை முந்நூறு, நானூறு.

முதல்லயே பதிலைச் சொல்லிடறேன். ஆகாது. செடியால உங்க வீட்டுக் காத்து சுத்தமாகாது. ஆனா செடி அருமையான செடி, எங்க வீட்டு பால்கனியிலயும் ரெண்டு தொங்குது. இது வீட்டுக்குள்ள வந்த கதை இருக்கே, அதுல துறைமுகம் இருக்கு, நிலக்கரிப் புகை இருக்கு, என்னைப் போல ஊசி போட்டுப் பிழைச்ச நாலஞ்சு டாக்டர்கள் இருக்காங்க. அதைத்தான் இந்த நீளமான இழையில எழுதப் போறேன். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

முதல்ல ஹோயாவை நம்ம ஊர்ல அடையாளம் காட்டிடறேன். புதுச் செடியா இருக்கலாம், சொந்தக்காரங்க எல்லாம் பழைய ஆளுங்கதான். காட்டுப்பள்ளி மணல்ல அடம்புக்கொடி படர்ந்திருக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே எருக்கு நிக்கும் பாருங்க, அதோட குடும்பம்தான் ஹோயா. வேலியில ஏறுற வேலிப்பருத்தி, சர்க்கரை நோயாளிங்க பொடி பண்ணிச் சாப்பிடற சிறுகுறிஞ்சான், வெயில் காலத்து நன்னாரி எல்லாம் அதே வம்சம். பிள்ளையார் சதுர்த்தி மாலையில இருக்கிற எருக்கம்பூவை ஒண்ணு எடுத்து உத்துப் பாருங்க. அஞ்சு இதழ் நட்சத்திரம், நடுவுல ஒரு கிரீடம். ஹோயா பூவும் அதே அமைப்பு. மெழுகுல வார்த்த மாதிரி சின்னதா, இருபது முப்பது பூ ஒரே கொத்துல இருக்கும். மெழுகுப்பூன்னு சில நர்சரியில சொல்றது அதனாலதான்.

(இடையில ஒரு எச்சரிக்கை. எருக்கம்பால் கண்ணுல பட்டா கருவிழி வீங்கிப் பார்வையே மங்கிடும். பட்டா உடனே நிறைய தண்ணியில கழுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க. ஹோயா பால் அவ்வளவு மோசமில்ல. ஆனாலும் கிள்ளின கையோட கண்ணைத் தேய்க்காதீங்க.)

இந்த எருக்கு வம்சத்தை முதன்முதல்ல ஒழுங்குபடுத்தி எழுதினவர் ராபர்ட் பிரௌன். பள்ளிக்கூடத்துல பிரௌனியன் இயக்கம் படிச்சீங்களே, அதே பிரௌன். எடின்பரோவில் மருத்துவம் படித்தவர், ராணுவத்தில் உதவி மருத்துவராக இருந்தவர். சீனா பக்கத்திலிருந்து வந்த ஒரு கொடியை அதுவரை எருக்கின் உறவான அஸ்கிளிபியாஸ் இனத்தில் சேர்த்து வைத்திருந்தார்கள். அது தனி இனம் என்று பிரித்து 1810-ல் பெயர் வைத்தவர் இவர். பெயர் யாருக்கு? பிரபுவுக்கோ ராணிக்கோ இல்ல. லண்டனுக்குப் பக்கத்தில் சையான் ஹவுஸ் என்ற மாளிகையின் தலைமைத் தோட்டக்காரர் தாமஸ் ஹோய்க்கு. தினமும் தண்ணி ஊத்தின ஆள் பேரு ஒரு இனத்துக்கே நிலைச்சது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

பிரௌன் அப்போது நம்ம ஊர்க் கொடிப்பாலையையும் ஹோயாவில்தான் சேர்த்தார். பச்சைப் பூ பூக்கிறதால 'ஹோயா விரிடிஃப்ளோரா' என்று அதற்குப் பெயர். பின்னாடி வந்தவங்க வேற இனத்துக்கு மாத்திட்டாங்க. ஆக, வேலியில யாரும் கண்டுக்காத கொடிப்பாலை கொஞ்ச காலம் ஹோயாவாவே இருந்திருக்கு. அதே பிரௌன் 1831-ல் ஆர்க்கிட், எருக்கு ஆகிய குடும்பங்களின் மகரந்தச் சேர்க்கை பற்றி எழுதிய கட்டுரையில்தான் செல்லுக்குள் இருக்கும் ஒரு புள்ளிக்கு நியூக்ளியஸ் என்று பேர் வைத்தார். நாங்க முதல் வருஷம் படிக்கிற உட்கரு, இந்தப் பூக்களைப் பத்தின கட்டுரையிலிருந்து வந்த சொல்.

அந்தக் காலத்து டாக்டர்கள் எல்லாம் ஏன் செடி பின்னாடியே அலைஞ்சாங்க? மருந்து பெரும்பாலும் செடியிலிருந்து வந்ததால தாவரவியல் பாடம் இல்லாமல் மருத்துவம் கிடையாது. நான் எம்.பி.பி.எஸ். முடிக்கிற வரைக்கும் ஒரு செடியைக்கூட உயிரோட காட்டிச் சொல்லிக் கொடுத்ததா ஞாபகமில்ல. சின்கோனா, டிஜிட்டாலிஸ் எல்லாம் எங்களுக்குப் பரீட்சையில வர்ற பேருங்க, அவ்வளவுதான்.

இப்போ நம்ம கடற்கரைக்கு வருவோம். 1819-ல் ராபர்ட் வைட் என்ற 23 வயது ஸ்காட்லாந்து டாக்டர், கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி சர்ஜனாக மதராஸ் மாகாணத்துக்கு வந்தார். அப்போ சென்னையில துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்துல நங்கூரம் போடும், ஆளும் சரக்கும் மசூலா படகில் அலையைத் தாண்டி, நனைஞ்சுக்கிட்டே கரைக்கு வரணும். இன்னிக்கு வடக்கே எண்ணூர்ல ஒரு துறைமுகம், அதை ஒட்டிக் காட்டுப்பள்ளியில இன்னொண்ணு, தெற்கே ராயபுரம் பக்கம் பழைய துறைமுகம்னு வரிசையா இருக்கிறதைப் பார்க்கிறப்போ இதை நம்பவே முடியாது.

வைட் 1853-ல் ஊர் திரும்புகிற வரை தென்னிந்தியச் செடிகளைத்தான் பார்த்தார். நாகப்பட்டினத்தில் படை மருத்துவர், பாளையங்கோட்டையில் கொஞ்ச நாள், பிறகு கோயம்புத்தூரில் பருத்தி வேலை. லீவில் ஸ்காட்லாந்து போன நேரத்தில் நண்பர் ஆர்னாட்டோடு உட்கார்ந்து எருக்குக் குடும்பம் முழுவதையும் எழுதி 1834-ல் அச்சிட்டார். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வளர்கிற 'ஹோயா ஓவலிஃபோலியா'வுக்கு அதில்தான் பெயர் வந்தது. பிறகு 'ஹோயா பாசிஃப்ளோரா', அதாவது பூ குறைவான ஹோயா, அதுவும் வைட் பெயர் வைத்ததே. 'ஹோயா வைட்டியை' என்று அவர் பெயரிலேயே ஒரு ஹோயாவும் உண்டு.

ஆக ஹோயாவை இறக்குமதிச் செடின்னு நினைக்காதீங்க. நம்ம மலையில மரத்து மேல தொத்தி வளர்ற ஹோயாக்கள் இருக்கு. 1978-ல்கூட ஒரு புது இனத்துக்குக் கன்னியாகுமரியின் பெயரையே வைத்து 'ஹோயா கன்யாகுமாரியானா' என்று வெளியிட்டார்கள்.

வைட் பற்றிப் பேசும்போது ரெண்டு பேரைச் சொல்லாமல் போகக்கூடாது. ரங்கையா, கோவிந்து. மதராஸில் அச்சான வைட்டின் பெரிய புத்தகத்தில் 2,100 படங்களுக்கு மேல் இருக்கின்றன. 1838-லிருந்து 1853 வரை ஆறு தொகுதி. அந்தப் படங்களுக்குப் பின்னால் இருந்த கைகள் இந்த ரெண்டு இந்திய ஓவியர்களுடையவை. முதலில் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. நுண்ணோக்கிக்குக் கீழே வைத்த பூவின் பாகங்களைக்கூடத் தனித்தனியாக வரைந்திருக்கிறார்கள். எருக்குக் குடும்பத்துப் பூவை வரையறது சாதாரண வேலையில்ல. மகரந்தம் பொடியா இருக்காது, ரெண்டு குட்டிப் பொட்டலமா கிளிப் போட்டுக் கோத்திருக்கும். பூச்சி கால்ல மாட்டிக்கிட்டு அப்படியே அடுத்த பூவுக்குப் போகும். ஒரு ஆர்க்கிட் இனத்துக்கு வைட் 'கோவிந்தூயியா' என்று ஓவியரின் பெயரை வைத்தார். அந்தப் பெயர் இப்போது புழக்கத்தில் இல்லை, வேறு பழைய இனத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். தோட்டக்காரர் ஹோய் பேரு நின்னுது. ஓவியர் கோவிந்து பேரு நிக்கல. அது வகைப்பாட்டு விதிப்படி நடந்ததுதான், இருந்தாலும் வருத்தமா இருக்கு.

மரத்து மேல இருந்த கொடி ஜன்னலோரத் தொட்டிக்கு எப்படி வந்தது? அதுக்குப் பெரிய தடை கடல். ஆசியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் பாய்மரக் கப்பலில் மாதக் கணக்கு ஆகும். உப்புக் காற்று, குடிதண்ணிப் பஞ்சம், எலி. மாலுமிக்கே தண்ணி அளந்து கொடுக்கிற இடத்துல செடிக்கு யார் ஊத்துவாங்க? மக்காவில் இருந்த கம்பெனி சர்ஜன் ஜான் லிவிங்ஸ்டன் 1819-ல் ஒரு கணக்குச் சொன்னார். சீனாவிலிருந்து கப்பலேற்றிய செடிகளில் ஒண்ணு பிழைச்சா ஆயிரம் செத்திருக்கும். இவரும் டாக்டர்தான்.

இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் இன்னொரு டாக்டர். நதானியேல் பேக்ஷா வார்ட். இவர் கதையைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

வார்ட் கிழக்கு லண்டனில், கப்பல் துறைகளை ஒட்டிய வெல்க்ளோஸ் சதுக்கத்தில் கிளினிக் வைத்திருந்தவர். நம்ம ராயபுரம், திருவொற்றியூர் மாதிரி ஒரு இடம்னு வெச்சுக்கங்க. நோயாளிகள் நிறைய பேர் துறைமுகத்துக் கூலிகள், மாலுமிகள், அவர்கள் குடும்பங்கள். சுத்தி எல்லாப் பக்கமும் நிலக்கரி எரியும். வீட்டு அடுப்பு நிலக்கரி, தொழிற்சாலை நிலக்கரி. வார்ட்டுக்குப் பெரணிச் செடி மேல ஆசை. வீட்டில் பாறை அடுக்கி, தண்ணி சொட்ட விட்டு, பெரணி வளர்த்துப் பார்த்தார். எல்லாம் புகையில் வதங்கிச் செத்தது. வெறுத்துப்போய் விட்டுவிட்டார்.

1829-ல் ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு என்னவாகிறது என்று பார்க்க, ஈர மண் போட்ட கண்ணாடி பாட்டிலில் அதைப் புதைத்து மூடி வைத்தார். பூச்சி என்ன ஆனதோ, கொஞ்ச நாளில் பாட்டிலுக்குள் ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. பாறைத் தோட்டத்தில் உயிர் பிழைக்காத அதே பெரணி! பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிகிறது, அப்புறம் அதே தண்ணி மண்ணுக்கு இறங்குகிறது, வெளிப்புகை உள்ளே வருவதில்லை. பாட்டிலை ஜன்னலுக்கு வெளியே வைத்தார். மூடி துருப்பிடித்து மழைத்தண்ணி இறங்குகிற வரை, கிட்டத்தட்ட நாலு வருஷம் உள்ளே செடி வாழ்ந்தது.

1833-ல் இப்படி மூடிய கண்ணாடிப் பெட்டிகளில் பெரணியும் புல்லும் வைத்து ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குக் கப்பலேற்றினார். உயிரோடு போய்ச் சேர்ந்தன. திரும்பி வரும்போது அதே பெட்டிகளில் ஆஸ்திரேலியச் செடிகள். கேப் ஹார்ன் அருகே மேல்தளத்தில் பனி, பூமத்திய ரேகையில் கொதிக்கும் வெயில், எல்லாவற்றையும் தாண்டி வந்தன. அதற்குப் பிறகு வார்டியன் பெட்டி இல்லாமல் செடி வியாபாரமே இல்லை என்றாகிவிட்டது. ராபர்ட் ஃபார்ச்சூன் சீனத் தேயிலையை இந்தியாவுக்குக் கொண்டுவந்ததும் இந்தப் பெட்டியில்தான். மலேரியாவுக்கு மருந்து தரும் சின்கோனா 1860-களின் தொடக்கத்தில் நீலகிரிக்கு வந்ததும் இப்படித்தான்.

ஹோயாக்களுக்கும் அந்தக் காலம்தான் யோகம். வெய்ட்ச் என்ற நர்சரி கம்பெனிக்காக தாமஸ் லாப் பர்மாவின் மௌல்மேன் பக்கத்து மலையிலிருந்து எடுத்த கொடிக்கு 1848-ல் 'ஹோயா பெல்லா' என்று பெயர் வந்தது. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவங்களும் அவங்க அத்தோ கடைகளும் நிறைஞ்ச வடசென்னைக்கு மௌல்மேன் தெரியாத ஊரில்ல. அதே காலத்துல போர்னியோவிலிருந்து பெரிய பூப் பூக்கும் 'ஹோயா இம்பீரியாலிஸ்'. 1845-ல் பிரிட்டன் கண்ணாடி மேல் இருந்த வரியை எடுத்தது. கண்ணாடி விலை குறையக் குறைய, பிரபு வீட்டுச் சூடான கண்ணாடி மாளிகையிலிருந்த கொடி நடுத்தர வர்க்கத்து வரவேற்பறைக்கு வந்தது.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். நகரத்துல செடியைக் கண்ணாடிக்குள்ள வெச்சு வளர்க்கிற பழக்கம் புகையிலிருந்து செடியைக் காப்பாத்தறதுக்காக வந்தது. வார்ட் அதைத் தெளிவாப் புரிஞ்சுக்கிட்டவர். கெட்ட காத்துல செடி சாகும், நல்ல காத்துல வைங்க, பிழைக்கும். 1842-ல் எழுதின புத்தகத்தில் அவர் அடுத்த அடியும் எடுத்து வைத்தார். ஏழைகள் வாழும் நெரிசலான வீடுகளுக்கும், நோயாளிகளுக்கும்கூட இப்படிச் சுத்தமான காற்று கிடைக்க வழி உண்டா என்று யோசித்தார். டாக்டர் மூளை அப்படித்தான் போகும்.

நாம அதைத் தலைகீழாக்கிட்டோம். செடி நம்மைப் புகையிலிருந்து காப்பாத்தும்னு நம்பறோம். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

1989-ல் நாசாவுக்காக பில் வுல்வர்ட்டன் செய்த ஆய்வு. காற்றுப் புகாத சின்ன அறைக்குள் செடியை வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற வாயுக்களைச் செலுத்தி, எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். குறைந்தது. விண்வெளிக் கலத்துக்கு உபயோகப்படுமா என்ற யோசனை அது. ஹோயா அந்தப் பட்டியலில் இல்லை. ஹோயா வந்தது 2009-ல், அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வில். மூடிய கண்ணாடி ஜாடிகளில் 28 வகைச் செடிகளை வைத்துப் பார்த்ததில் 'ஹோயா கார்னோசா' முன்வரிசையில் வந்தது. நர்சரி விளம்பரத்துல வர்ற வரிக்கு வேர் இதுதான். ஆய்வு பொய்யில்ல. ஆனா மறுபடியும் கண்ணாடி ஜாடி! உங்க வீடு ஜாடியில்ல. கதவு திறக்கும், ஃபேன் ஓடும், சமையலறைத் தாளிப்பு வரும், வெளிக்காத்து மணிக்கு எத்தனையோ தடவை உள்ள வந்து போகும்.

2019-ல் டிரெக்செல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கமிங்ஸ், வாரிங் ரெண்டு பேரும் இப்படி வந்த பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். ஜன்னல் திறந்து விட்டால் கிடைக்கிற பலன் செடியால் கிடைக்க வேண்டுமானால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடி வேணும். பத்துக்குப் பத்து அடி ரூமுக்குக் குறைஞ்சது தொண்ணூறு தொட்டி. பிள்ளைய எங்க படுக்க வைப்பீங்க? அதுவும் வாயுக்களுக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு. இங்கே நம்ம பகுதிப் பிரச்சினை நிலக்கரித் தூசியும் பறக்கும் சாம்பலும். எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் தொடங்கினதே முக்கியமா அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்கத்தான். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் இலையைத் தேடிப் போய் உட்காராது, மூச்சோட உள்ளே போகும்.

அந்த முந்நூறு ரூபாயைப் பத்தி எனக்குக் கவலையில்ல. செடி வெச்சாச்சு, காத்து சுத்தமாயிடுச்சுன்னு நினைச்சுத் தினசரித் தடுப்பு இன்ஹேலரை நிறுத்திடறாங்க பாருங்க, அதுதான் கவலை. பிள்ளை நல்லா இருக்கிறப்போ நிறுத்துவாங்க. ரெண்டு மாசத்துல நடுராத்திரி ஆட்டோ பிடிச்சு, விலா உள்வாங்கற நிலையில கொண்டு வருவாங்க. இன்ஹேலரை டாக்டர் சொல்லாம நிறுத்தாதீங்க. சின்னப் பிள்ளைன்னா ஸ்பேசர் வெச்சு இழுக்கச் சொல்லுங்க. வீட்டை வறட்டு விளக்குமாத்தால பெருக்காம ஈரத்துணியால துடைங்க. தூசி அதிகமா வர்ற நேரம் அந்தப் பக்கத்து ஜன்னலை மூடிட்டு, காத்துத் தெளிஞ்சதும் திறந்து விடுங்க. கொசுவத்தி, சாம்பிராணிப் புகை வேணாம்.

அந்த இதய இலைக்கும் ஒரு டாக்டர் கதை உண்டு. அது 'ஹோயா கெர்ரி'. அயர்லாந்துக்காரரான ஆர்தர் கெர், சியாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், மருத்துவராக வேலை பார்த்துக்கொண்டே செடி சேகரித்தவர். பிற்காலத்தில் அந்த அரசின் தாவரவியலாளராகவே ஆகிவிட்டார். 1911-ல் அவர் பெயர் இந்தச் செடிக்கு வந்தது. கடையில விக்கிற ஒத்தை இலையில தண்டுக் கணு இல்லைன்னா அது வருஷக் கணக்கா ஒத்தை இலையாவே நிக்கும். வேர் விடும், கொடி விடாது. வாங்கறதுன்னா ரெண்டு கணுவாவது இருக்கிற தண்டோட கேட்டு வாங்குங்க. தாய்லாந்துச் செடிங்கறதால நம்ம வெயிலையும் தாங்கும்.

வளர்க்கிறது கஷ்டமில்ல. மரத்துல தொத்தற கொடிங்கறதால வேருக்குக் காத்து வேணும். வெறும் செம்மண் ஆகாது. தேங்காய் மட்டைத் துண்டு, கரித்துண்டு, கொஞ்சம் மண்புழு உரம் போதும். தொட்டி சின்னதா இருக்கட்டும். காலை வெயில் படலாம், உச்சி வெயில் வேணாம். இலையை லேசா மடிச்சுப் பாருங்க. விறைப்பா இருந்தா தண்ணி வேணாம், கொஞ்சம் தொய்ஞ்சா ஊத்துங்க. எண்ணூர், காட்டுப்பள்ளி போர்த் தண்ணி உப்பு, இலை ஓரம் கருகும். ஆர்.ஓ. மிஷின் வெளியே தள்ளற தண்ணியும் வேணாம், அதுல உப்பு இன்னும் அதிகம். மழைத் தண்ணி பிடிச்சு வெச்சு ஊத்துங்க, டிரம்மை இறுக்கி மூடுங்க. தொட்டிக்கு அடியில தட்டு வெச்சுத் தண்ணி தேங்க விட்டீங்கன்னா டெங்கு கொசுவுக்கு நீங்களே வாடகையில்லாம வீடு கொடுக்கறீங்கன்னு அர்த்தம்.

மஞ்சளாக் குட்டி அசுவினி வந்தா பக்கத்துல எருக்கு இருக்கான்னு பாருங்க. எருக்குல மொய்க்கிற அதே பூச்சிதான், சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்திருக்கும். வேப்பெண்ணெயில ரெண்டு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து தண்ணியில விட்டு, சாயங்காலமா அடிங்க.

வாரம் ஒரு தடவை இலையை ஈரத்துணியால துடைங்க. காட்டுப்பள்ளிப் பக்கம் துணியில என்ன நிறம் வருதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. தூசி மூடின இலைக்கு வெளிச்சம் கிடைக்காது, பூ வராது. வார்ட்டோட பெரணி மாதிரி உடனே சாகாது, தடிச்ச இலைங்கறதால தாங்கும்.

பூத்து முடிஞ்சதும் அந்தக் குட்டிக் காம்பை வெட்டிடாதீங்க. அடுத்த வருஷப் பூ அதே காம்பின் நுனியிலதான் வரும். எங்க வீட்டுக் கொடியில ஒரே காம்பு நாலு தடவை பூத்திருக்கு.